வியாழக்கிழமை மீன்கள்

ஜெராய் மலையடி, யான் ஊர்
14.6.1981

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிளாரன்ஸ் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நான் கல்லு மாதிரி இருக்கிறேன். உன் உடம்பு எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இங்கே ஒரு புதுத் தொல்லை வந்திருக்கிறது. ஐந்து வருடமாக இந்த முகாமில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் கயிறு கட்டிப் பாறை ஏறவும், படகு தள்ளவும், காட்டில் வழி தவறாமல் நடக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். இன்னும் தற்காலிகம்தான். ஜனவரியில் நிரந்தரம் ஆக வேண்டுமானால், பயிற்றுநர்கள் எல்லாரும் ஆறு மாதம் சுற்றுச்சூழல் கல்விப் பயிற்சி எடுத்துத் தேற வேண்டுமாம். மலையில் ஏற்றிவிட்டால் போதாது, மலையைப் பார்க்கவும் சொல்லித்தர வேண்டுமாம்.

பாடம் எடுப்பவர் ஹெர்பர்ட் சார். அலோர் ஸ்டார் ஊர்க்காரர், காட்டு இலாகாவில் இருந்தவர். முதல் நாள் என்னை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் அசையாமல் இருந்து பார்த்ததை எழுது என்றார். 'எறும்பு' என்று எழுதினேன். அரை மணி கழித்து 'இன்னும் எறும்பு' என்று எழுதினேன். அதற்குமேல் முடியாமல் எழுந்து நடந்துவிட்டேன். "ஓடத் தெரிஞ்ச உனக்கு உக்காரத் தெரியலயேலா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு ஆறு, அல்லது குளம். சின்ன வயதிலிருந்து தெரிந்ததாக இருக்க வேண்டும். மூன்று மாதம் அதைக் கவனித்து நோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நான் நம் தோட்டத்து ஆற்றின் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆனால் இங்கிருந்து பாடாங் செராய்க்கு மூன்று பஸ் மாற வேண்டும். நீயோ தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவள். எனக்காக நீ பார்த்து எழுதி அனுப்பேன். நான் என் நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.

நிரந்தரம் ஆகாமல் கேதரின் வீட்டில் கல்யாணம் பேசக்கூட முடியாது. அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

உன் தம்பி,
கிளாரன்ஸ்


பாடாங் செராய் தோட்டம்
28.6.1981

அன்புத் தம்பிக்கு,

அக்கா லூர்து மேரியின் ஆசீர். அம்மா சுகம், முழங்கால் மட்டும் மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எனக்கு ஒன்றுமில்லை. வேலை நடக்கிறது.

உன் பரீட்சையை நான் எழுதினால் அது யார் பாவம்? அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் உன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பூசையில் பிரசங்கம் முடியும்வரை உட்காராமல் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வருகிறவன்தானே நீ. உன்னை உட்கார வைக்க வந்த அந்த ஹெர்பர்ட் சாருக்காக ஒரு ஜெபமாலை சொல்லியிருக்கிறேன்.

சரி, கேதரினுக்காகச் செய்கிறேன். காலை ஏழு மணிக்குப் பாலத்துக்குக் கீழே நின்று பார்த்தது இது.

திங்கள்: தண்ணீர் முழங்கால் அளவு. அடியில் மணல் தெரிகிறது. கெண்டைப்பொடி ஒரு கூட்டம், நாற்பது இருக்கும். செவ்வாய்: அதே கூட்டம், பாலத்து நிழலில். தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி பதினொன்று. புதன்: சிவப்புத் தட்டான் இரண்டு, வேலிக்கம்பியில் ஒன்று மாற்றி ஒன்று உட்காருகின்றன. வியாழன்: மீன் இல்லை. வெள்ளி: மீன் பத்து.

இப்படி எழுதினால் போதுமா? படித்தவர்கள் வேறு மாதிரி எழுதுவார்களோ என்னவோ.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


யான்
12.7.1981

என் அருமை அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் விட்டது போல இருந்தது. காய்ச்சல் ஒன்றும் இல்லை, பயப்படாதே. நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஹெர்பர்ட் சார் நோட்டைப் படித்துவிட்டு என்னை அழைத்தார். தட்டான் ஒன்று மாற்றி ஒன்று உட்காருவதை விரலால் தொட்டுக் காட்டி, "இதப் பாத்தது நீயா?" என்றார். கூசாமல் ஆமாம் என்றேன். வகுப்பில் பதினெட்டுப் பேர் முன்னால் அதை வாசித்தார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், வெட்கமில்லாமல்.

அதே நேரம், அதே இடம், நாள் தவறாமல் பார் என்கிறார். தண்ணீரின் வாடையும் நிறமும் வேண்டுமாம். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டுமாம், நமக்குப் பிடித்ததை அல்ல. நீ அப்படித்தான் எழுதுவாய். நம் வீட்டில் பொய் சொல்கிற வேலை என்னுடையது.

நேற்று ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தை உச்சிவரை கூட்டிப்போய் வந்தேன். கால் ஓய்ந்தாலும் மனசு ஓயவில்லை. படுத்தால் டிசம்பர்ப் பரீட்சை, எழுந்தால் டிசம்பர்ப் பரீட்சை.

தம்பி


பாடாங் செராய் தோட்டம்
9.8.1981

அன்புத் தம்பிக்கு,

நீ சுகம் என்று அறிந்து அம்மா சந்தோஷப்பட்டாள். இங்கே யாவரும் சுகம். ஆறாம் நம்பர் காட்டில் பழைய ரப்பர் மரமெல்லாம் வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

முதலில் உனக்காகத்தான் பார்த்தேன். இப்போது பார்க்காவிட்டால் எனக்கு அந்த நாள் ஓட மாட்டேன் என்கிறது. ஒரு கெளுத்தி இருக்கிறது, மீசை ஒரு பக்கம் அறுந்தது. எங்கே மறைந்தாலும் அதே கல்லுக்குத்தான் திரும்பி வருகிறது. அதற்கு என்னோடு வேலை செய்கிற ராக்காயி பேர் வைத்திருக்கிறாள், சொன்னால் நீ சிரிப்பாய், அவள் மாமியார் பெயர்.

மூன்று வாரக் கணக்கு. திங்கள், செவ்வாய், புதன் காலை: தெளிவு, மீன் முப்பது, நாற்பது. வியாழன்: தண்ணீர் தெளிவுதான், ஆனால் மூக்கைப் பிடிக்கும் வாடை. மீன் இல்லை. பூச்சி இல்லை. ஓரத்தில் தலைப்பிரட்டை செத்து மிதக்கிறது. வெள்ளி: பத்துப் பன்னிரண்டு மீன். சனி: இருபது. மூன்று வாரமும் இப்படித்தான். போன வியாழன் அந்தக் கெளுத்தியும் மிதந்தது.

உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

அக்கா


யான்
23.8.1981

அன்புள்ள அக்கா,

நலமா? அம்மா நலமா? நான் நலம்தான், இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நீ என்ன எழுதி அனுப்பியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? ஹெர்பர்ட் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வியாழக்கிழமை மட்டும் ஆறு சாகிறது என்றால் புதன்கிழமை யாரோ எதையோ செய்கிறார்கள். அது என்ன? "அதக் கண்டுபிடிச்சிட்டன்னா நீ பாஸ்" என்று சொல்லிவிட்டார். புதன் மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார். யார், என்ன, எத்தனை மணி, மூன்றும் வேண்டும். உடனே எழுது.

இன்னொன்று. உன் கையெழுத்துக்கு என்ன வந்தது? கான்வென்ட் சிஸ்டர் மெச்சிய கையெழுத்து இப்போது கோழி கிண்டினது போல இருக்கிறது. ரப்பர்ப் பால் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுதினாயா? மூன்று வரியைப் படிக்க எனக்கு அரை நாள் ஆனது.

தம்பி


யான்
4.10.1981

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் நான் போட்ட இரண்டு கார்டும் வந்ததா? அம்மாவுக்கு ஏதாவதா? தபால்காரரைக் கண்டாலே வாசல் கேட்டுக்கு ஓடுகிறேன். முகாமில் எனக்குத் தபால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நீ எழுதாததால் நானே முடிவை எழுத வேண்டியதாகிவிட்டது. நோட்டுக் கொடுக்க வேண்டிய நாள் முடிந்துவிட்டது, வேறு வழியில்லை. ரப்பர்க் காட்டில் புல்லுக்கு அடிக்கும் மருந்தாகத்தான் இருக்கும் என்று ஹெர்பர்ட் சார் சொன்னார். அதை வைத்து இப்படி எழுதினேன்: 'பொறுப்பில்லாத சில கூலிகள் புதன்தோறும் மருந்துப் பம்புகளை ஆற்றில் கழுவுகிறார்கள். இவர்களுக்கு அறிவு புகட்டுவதே நம் முதல் கடமை.' வாசித்து முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

நல்ல செய்தி இனிமேல்தான். வருகிற 21ஆம் தேதி, புதன்கிழமை, ஹெர்பர்ட் சார் பயிற்றுநர்கள் பதினெட்டுப் பேரையும் வேனில் நம் ஆற்றுக்கே அழைத்து வருகிறார். கழுவுகிறவர்களை நேரில் பார்த்துப் பேசப்போகிறோம். தோட்டத்து ஆபீசுக்கு அனுமதி கேட்டு நேற்றே கடிதம் போய்விட்டது. அன்றைக்கு நான்தான் பேசுவேன். என் பேச்சைக் கேட்க நீயும் பாலத்துக்கு வா. கேதரினும் லீவு போட்டு வருகிறாள்.

பதில் போடு அக்கா.

கிளாரன்ஸ்


பாடாங் செராய் தோட்டம்
11.10.1981

தம்பி கிளாரன்சுக்கு,

அக்கா லூர்து மேரி சொல்ல, ராக்காயி மகள் குணவதி எழுதுவது. அம்மா சுகம். கார்டு இரண்டும் வந்தது.

வேனை நிறுத்து. வர வேண்டாம்.

நீ எழுதின பொறுப்பில்லாத கூலிகள் ஏழு பேர். ராக்காயி, மருதம்மாள், காளியம்மா, இராசாத்தி, அம்மாசி பெண்சாதி, பிச்சை தங்கச்சி. ஏழாவது ஆள் நான்.

ஆறாம் நம்பர் மரத்தை வெட்டினார்கள் என்று எழுதினேனே, அது நான் பாலுக்குச் சீவின மரம். பிப்ரவரியிலிருந்து எனக்கு மருந்தடிக்கிற வேலை. வேலை இல்லை என்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு இல்லை, அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? நீ நிரந்தரமாகிற வரைக்கும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். தெரிந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவாய்.

மருந்துப் பம்பை வாரம் ஒரு தடவை, புதன்கிழமை, ஸ்டோர் பின்னால் இருக்கிற தண்ணீர்ப் பைப்பில்தான் கழுவிக்கொண்டிருந்தோம். வாடை ஆபீசுக்குள் வருகிறது என்று பைப்புக்குப் பூட்டுப் போட்டார்கள். "ஆத்துல கழுவிட்டு வாங்க, சுத்தமா இல்லாட்டி பேரு போட மாட்டேன்" என்றது எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சின்னையா. பேர் விழாவிட்டால் அன்றைய கூலி போச்சு. கழுவினோம். நான்தான் கழுவினேன். மறுநாள் காலை நான்தான் எண்ணினேன். கெளுத்தி மிதந்ததைப் பார்த்தபிறகு அடுத்த புதனும் கழுவினேன். இதை உனக்கு எப்படி எழுதுவது என்று ஆறு வாரம் யோசித்தேன்.

ஏழு மணிக்கு மருந்து கலக்கத் தண்ணீர் மொள்ளத்தான் ஆற்றுக்கு வருவோம். அப்போது பார்த்து எழுதினதுதான் எல்லாம்.

நீங்கள் அனுமதி கேட்ட லெட்டர் ஆபீசுக்கு வந்துவிட்டது. சின்னையா பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டில் எங்களை நிற்கவைத்து, "எவ வெளிய போய் வாயத் தொறந்தா? ஆளத் தெரிஞ்சா தீபாவளிக்கு முன்ன மூட்ட கட்டணும்" என்று கத்தினார். மற்ற ஆறு பேர் வீட்டிலும் தீபாவளி, தம்பி. நீ வந்து அறிவு புகட்டிவிட்டு வேன் ஏறிப்போவாய்.

இவ்வளவுதான். சாப்பாட்டை விடாதே.

அக்கா

அண்ணே, இது குணவதி. அக்கா தண்ணி குடிக்கப் போயிருக்காங்க. அவங்க சொல்லாதத நானே எழுதுறேன். அக்காவோட வலது கையில நாலு வெரல்ல நகம் இல்ல. மருந்து பட்டு கழண்டு போச்சு. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஊதா மருந்து தடவி அனுப்பிட்டாரு. ஆகஸ்ட்ல உங்களுக்கு எழுதுனது அந்தக் கையாலதான், ரெண்டு நாளாச்சு எழுத. நீங்க கோழி கிண்டுனதுன்னு எழுதுனத படிச்சிட்டு சிரிச்சாங்க. அப்புறம் பேனாவ எடுக்கல.


யான்
15.10.1981

அக்கா,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை.

குணவதி எழுதினதைப் படித்துவிட்டு மலைக்கு ஓடினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. ஏழு மணி. ஜூன் மாதமே எழுதினாய், காலை ஏழு மணிக்கு ஆற்றில் நின்று பார்த்தேன் என்று. மரம் சீவுகிறவள் ஏழு மணிக்கு மரத்தடியில் அல்லவா இருப்பாள்! லயத்தில் பிறந்தேன், பதினேழு வயதுவரை அம்மாவுக்கு வாளி தூக்கினேன், எனக்கு இது தெரியாதா? நான்கு மாதம் உன் கடிதத்தைப் பார்த்து எழுதினேன், உன்னைப் பார்க்கவில்லை. மீனை எண்ணச் சொன்னேன். உன் விரலை எண்ணவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட அருவருப்பாக இருக்கிறது.

நேரே ஹெர்பர்ட் சாரிடம் போனேன். நோட்டு என்னுடையது இல்லை, கூலிகள் என்று எழுதின இரண்டு வரி மட்டும்தான் என்னுடையது என்றேன். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். "நல்ல நோட்டு. ஆனா மார்க்கு எழுதுனவங்களுக்குத்தான்" என்றார். 21ஆம் தேதிப் பயணத்தை நிறுத்திவிட்டார், ஆபீசுக்கும் எழுதிவிட்டார். எனக்கு ஜனவரி நிரந்தரம் இல்லை. வேண்டுமானால் அடுத்த வருடம் நானே மூன்று மாதம் உட்கார்ந்து புது நோட்டு எழுதலாம், அதுவரை தற்காலிகம்.

கேதரினிடம் எல்லாம் சொன்னேன். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஒங்கக்கா கைக்கு என்னா செய்யப்போறீங்க, அதச் சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சின்னையாவின் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று இருக்கிறது. நாளைக்கே பஸ் ஏறலாமா? இல்லை, வந்தால் உனக்குத்தான் கெடுதலா? எனக்கு ஒன்றும் புரியவில்லை அக்கா. இந்த ஒரு தடவை நீ சொல்கிறபடி செய்கிறேன். சொல்.

தம்பி


பாடாங் செராய் தோட்டம்
22.10.1981

அன்புத் தம்பிக்கு,

அக்கா சொல்ல, குணவதி எழுதுவது. அம்மா சுகம். என் விரலில் இரண்டில் நகம் துளிர்க்கிறது என்று குணவதி சொல்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நீ அழுதிருப்பாய். போதும், முகத்தைக் கழுவு.

உன் ஹெர்பர்ட் சார் வேனை நிறுத்தினது ஆபீசுக்குத் தெரிந்ததும் சின்னையாவுக்கு ஒரே குஷி. புதன் காலை வந்து, "இனிமே பாலத்துக்கு மேல்பக்கம் கழுவாதீங்க. கீழ்ப்பக்கம் போயி கழுவுங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். பாலத்தின் கீழ்ப்பக்கம், ஆறு ஓடிப்போகிற வழியில், இரண்டாவது டிவிஷன் லயம். அங்கே பிள்ளைகள் குளிக்கிற இடம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த நோட்டு தெரியும். தினமும் நான் எண்ணும்போது பக்கத்தில் நின்றவர்கள்தானே.

மத்தியானம் வேலை முடிந்து ஏழு பேரும் ஆற்றுக்குப் போகவில்லை. பம்பைக் கழுவாமல் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டோருக்கு வந்தோம். வாசலில் ஏழையும் வரிசையாக இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "பைப்பத் தொறங்க, கழுவுறோம்" என்றேன். சின்னையா கத்தினார். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வந்து எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். வெளியே சொன்னது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று எழுந்து சொன்னேன். உடனே ராக்காயி எழுந்து நானும்தான் என்றாள். அப்புறம் மருதம்மாள். அப்புறம் எல்லாரும்.

பைப்பைத் திறக்கவில்லை. எங்களுக்கு அன்றைய பேரும் போடவில்லை. தீபாவளிக்குள் மூட்டை கட்டச் சொல்வார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது தம்பி. ராத்திரி அம்மா ஜெபமாலையை எடுத்து என் கையில் வைத்தாள். வருகிற புதனும் அங்கேதான் உட்காருவோம், பம்போடு.

வரலாமா என்று கேட்டாய். வா. சட்டையைப் பிடிக்க வராதே, பேச்சுப் பேசவும் வராதே. புதன் மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்டோர் வாசலுக்கு வந்து எங்கள் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார். உனக்கு உட்காரத் தெரியாதே, கவலைப்படாதே. ஏழு பேர் இருக்கிறோம், சொல்லித்தருகிறோம்.

குணவதி பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள். இனிமேல் உள்ளது கோழி கிண்டினது.

வியாழன். காலை ஏழு மணி.
தண்ணீர் தெளிவு. வாடை இல்லை.
மீன் முப்பத்தாறு.

அக்கா